உறையாது என்று எழுதிவைத்த ரத்தம் உறைந்தது: ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தப் பெண்ணும் அவர் கணவரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயர், ஊர், மருத்துவமனைகள் எதையும் சொல்லவில்லை. இரண்டு கர்ப்பங்கள், ஒரு கால், ஒரு கை என்று மூன்று வருடத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: உடம்பு தனக்கு எதிராகவே உருவாக்கும் ஆன்டிபாடிகளால் (எதிர்ப்புப் புரதங்களால்) ரத்தக்கட்டி வரும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். அதைக் காட்டும் தாள்கள் அவருடைய கோப்பிலேயே இருந்தன. அவற்றைச் சேர்த்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை. இதே கோப்பு வேறு எந்த மேஜைக்கும் வரலாம் என்பதால் முதலிலிருந்து பதிவு செய்கிறேன்.

## பின்னணி

எங்களிடம் வந்தபோது அவருக்கு 29 வயது. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூர். வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். கணவர் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு கிடையாது. குடும்பத்தில் யாருக்கும் இளவயதில் பக்கவாதம் வந்ததில்லை.

முதல் கர்ப்பம் 11 வாரத்தில் கலைந்தது. ஒருமுறை கலைந்தால் பெரும்பாலும் நாங்கள் யாரும் தோண்டித் துருவுவதில்லை. அவர்களும் அப்படியே அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த வருடம் இரண்டாவது கர்ப்பம். பதிவு செய்யும்போது வழக்கமாக எடுக்கும் ரத்தச் சோதனைகளில் விடிஆர்எல் ‘ரியாக்டிவ்’ என்று வந்தது. அது பால்வினை நோயான சிஃபிலிஸுக்கான சோதனை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. கணவரின் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. மாமியார் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கணவன் மனைவி இருவருக்கும் பென்சிலின் ஊசி போட்டார்கள். மூன்று வாரம் கழித்து, நோயை உறுதிசெய்யும் டிபிஹெச்ஏ சோதனை ‘இல்லை’ என்று வந்தது. அந்தத் தாள் கோப்பில் சேர்ந்தது. அதன் பொருள் என்ன என்று அவர்களை உட்காரவைத்து யாரும் சொல்லவில்லை.

23ஆம் வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது சிசு 20 வார அளவே இருந்தது. அடுத்த வாரம் இதயத்துடிப்பு நின்றிருந்தது. உடல் அமைப்பில் எந்தக் குறையும் இல்லாத சிசு.

பிரசவிக்க வைப்பதற்கு முன் எடுத்த சோதனையில் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஏபிடிடி 52 நொடி. ஒப்பீட்டு அளவு 30 நொடி. தட்டணுக்கள் 1,04,000, அதாவது சற்றுக் குறைவு. ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று பயந்து நான்கு பை பிளாஸ்மா ஏற்றினார்கள். மறுபடி பார்த்தால் 50 நொடி. கடைசியில் பிரசவத்தின்போது ரத்தப்போக்கு வழக்கத்தைவிட ஒரு துளிகூட அதிகமில்லை. ஆனாலும் டிஸ்சார்ஜ் அட்டையில் சிவப்பு மையில் எழுதினார்கள்: ‘ரத்தம் உறைவதில் குறை. ஆஸ்பிரின் கூடாது.’

நான்கு மாதம் கழித்து மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை என்று போனபோது ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பதாவது வாரத்தில் இடது கால் வீங்கியது. மெஷின் மிதித்து மிதித்து வந்த வீக்கம் என்று வீட்டில் நினைத்து நான்கு நாள் எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். டாப்ளர் ஸ்கேனில் முழங்காலின் பின்புறத்திலிருந்து தொடை வரை ஆழ்சிரையில் ரத்தக்கட்டி.

ஹார்மோன் மாத்திரையை நிறுத்திவிட்டு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்சபான் மாத்திரையை ஆரம்பித்தார்கள். அதே வேலைக்கான வார்ஃபரின் கொடுத்தால், மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும், அந்த ஊரிலிருந்து அது சிரமம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அன்று அவர்கள் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவு. ஆனால் கையில் இருக்க வேண்டிய தகவல் முழுவதும் இல்லை. ஏபிடிடியை அவர்கள் மறுபடி பார்க்கவில்லை. பழைய அட்டையையும் கேட்கவில்லை.

## சேர்க்கப்பட்ட இரவு

ரிவராக்சபான் தொடங்கி ஐந்தாவது மாதம். காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு வலது கையில் பல்துலக்கி நிற்கவில்லை. பேச நினைத்த சொல்லுக்குப் பதில் வேறு சொல் வந்தது. உள்ளூரில் சத்துக் குறைவு என்று குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேர இரவு 8 மணி ஆகிவிட்டது.

சொல்வது புரிகிறது, பதில்தான் சிக்குகிறது. வலது கையைத் தூக்க முடிகிறது, ஆனால் எதிர்த்துத் தள்ள முடியவில்லை. இதயத்துடிப்பு சீராக இருந்தது. எம்ஆர்ஐயில் மூளையின் இடப்பக்க நடுத்தமனியின் ஒரு கிளை அடைபட்டிருந்தது. பதினான்கு மணி நேரம் கடந்துவிட்டதால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கில்லை.

மாத்திரையைத் தவறவிட்டிருப்பார் என்றே முதலில் நினைத்தேன். பட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவோ கூடவோ இல்லை. ரிவராக்சபான் 20 மி.கி. சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். அவர் ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடுதான் எடுத்திருக்கிறார். ஆக, மருந்து ஒழுங்காக உள்ளே போயும் தமனி அடைபட்டிருக்கிறது. அந்த இரவில் என்னை உலுக்கியது இதுதான்.

தொடைகளில் வலைப்பின்னல்போல ஊதாவும் பழுப்பும் கலந்த கோடுகள். நம் தோல் நிறத்தில் இது பளிச்சென்று தெரியாது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒத்தடம் கொடுத்த தழும்பு என்றார் கணவர். தட்டணு 92,000. ஏபிடிடி 58 நொடி, ஒப்பீடு 29.

அப்போது கணவர் அந்தச் சிவப்பு மை அட்டையை எடுத்து நீட்டினார். “டாக்டர், அன்னிக்கு இவ ரத்தம் உறையவே உறையாதுன்னு எழுதிக் குடுத்தாங்க. இப்ப காலுலயும் மூளையிலயும் உறைஞ்சிருச்சுன்னு சொல்றீங்க. எதை நான் நம்புறது?”

அந்தக் கேள்வி வந்த பிறகுதான் கோப்பை முதல் தாளிலிருந்து திருப்பினேன். விடிஆர்எல் தாளும் டிபிஹெச்ஏ தாளும் அடுத்தடுத்து இருந்தன.

## அவருடைய கேள்விக்கு விடை

இரண்டுமே உண்மை. சோதனைக் குழாயில் அவர் ரத்தம் தாமதமாகத்தான் உறையும். உடம்புக்குள் தேவையில்லாத இடத்தில் உறையும். இரண்டையும் செய்வது ஒரே ஆன்டிபாடிகள்.

உறைவுக் காரணிகள் ரத்தத்தில் மிதந்தபடியே ஒன்றையொன்று தூண்டிவிடுவதில்லை. பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு பாய் விரித்ததுபோல ஒரு தளம் தர வேண்டும்; அதன்மேல் அமர்ந்துதான் அவை வேலை செய்கின்றன. உடம்பில் அந்தத் தளத்தைத் தருவதில் தட்டணுக்களுக்குப் பெரிய பங்கு. ஆய்வகத்தில் தட்டணுக்களைச் சுழற்றி நீக்கிவிடுவதால், பதிலுக்குக் கொஞ்சம் பாஸ்போலிப்பிட்டைச் சோதனைத் திரவத்தில் கலந்து வைத்திருப்பார்கள். அந்தக் கொஞ்சத்தையும் இந்த ஆன்டிபாடிகள் பிடித்துக்கொண்டால் காரணிகளுக்கு இடமில்லை; உறைய நேரமாகிறது. உடம்பிலோ தளத்துக்குப் பஞ்சமே இல்லை. அதனால் அங்கே இந்தத் தடை செல்லுபடியாகாது.

உறைவுக் காரணி குறைந்து ஏபிடிடி நீண்டிருந்தால், நலமான ஒருவரின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்ததும் நேரம் சரியாகிவிடும். தடுக்கும் பொருள் இருந்தால் கலந்த பிறகும் நீண்டே இருக்கும். இரண்டாவது கர்ப்பத்தின்போது ஏற்றிய நான்கு பை பிளாஸ்மாவை நினைத்துப் பாருங்கள். 52 நொடி 50 ஆனதே தவிர இறங்கவில்லை. கலப்புச் சோதனையை அவர் உடம்பிலேயே செய்து முடித்துவிட்டார்கள். அதன் விடைதான் படிக்கப்படாமல் கிடந்தது.

விடிஆர்எல் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அந்தச் சோதனைத் திரவத்தில் இருப்பது கார்டியோலிப்பின் என்ற பாஸ்போலிப்பிட். 1941இல் மேரி பாங்க்பார்ன் அதை மாட்டிதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். சிஃபிலிஸ் கிருமியைத் தேடாமல் இந்தக் கொழுப்போடு ஒட்டும் ஆன்டிபாடியைத்தான் விடிஆர்எல் தேடுகிறது. ஆகவே வேறு காரணத்தால் அப்படிப்பட்ட ஆன்டிபாடி உள்ளவருக்கும் ‘ரியாக்டிவ்’ என்று வரும். 1952இல் கான்லியும் ஹார்ட்மனும் லூபஸ் (உடம்பின் தற்காப்பு தன் திசுக்களையே தாக்கும் நோய்) நோயாளிகள் இருவரிடம் ரத்தம் உறைவதைத் தாமதிக்கும் பொருளைப் பற்றி எழுதினார்கள். 1972இல் அதற்கு ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ என்று பெயர் வைக்கப்பட்டது. இந்தப் பெயரின் இரண்டு பாதியும் வழி தவறவைக்கும்: இது உள்ள பலருக்கு லூபஸ் கிடையாது, உடம்புக்குள் அது உறைவைத் தடுப்பதும் கிடையாது. ரத்தக்கட்டி, கருச்சிதைவு, இந்த ஆன்டிபாடி மூன்றையும் ஒரே நோயாகச் சேர்த்து 1983இல் விவரித்தவர் லண்டனில் கிரஹாம் ஹியூஸ். அதுதான் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்.

## ஆன்டிபாடி உடம்புக்குள் செய்வது

பெயரில் பாஸ்போலிப்பிட் இருந்தாலும், தீங்கு செய்யும் ஆன்டிபாடிகள் முக்கியமாகப் பிடிப்பது அந்தக் கொழுப்பின்மேல் ஒட்டும் ஒரு புரதத்தை: பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1. 1990இல்தான் இது தெளிவானது. நம் எல்லோர் ரத்தத்திலும் தாராளமாக இருக்கும் புரதம் இது. ஐந்து மணி கோத்த சிறு சரம்போல ஐந்து பகுதிகள் கொண்டது. சும்மா சுற்றும்போது பெரும்பாலும் வளையமாக மடிந்திருக்கும். ஐந்தாவது மணி ஒரு கொழுப்புப் படலத்தில் ஒட்டியதும் வளையம் பிரிந்து தூண்டில்முள்போல நிமிர்கிறது. அப்போது முதல் மணியில் அதுவரை மறைந்திருந்த ஓரிடம் வெளியே தெரிகிறது. ரத்தக்கட்டியோடு அதிகம் தொடர்புள்ள ஆன்டிபாடிகள் குறிவைப்பது அந்த இடத்தை.

ஒரு ஆன்டிபாடிக்கு இரண்டு பிடி உண்டு. இரண்டு புரதங்களை ஒருசேரப் பிடித்து ஜோடியாக்குகிறது. தனியாக இருக்கும்போது லேசாக ஒட்டி விலகிவிடும் புரதம், ஜோடியானதும் படலத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றியது அந்தச் செல்லின் மேற்பரப்பில் உள்ள வாங்கிகளை (ரிசெப்டர்களை) தூண்டுகிறது. எந்தச் செல் என்பதைப் பொறுத்து விளைவும் மாறுகிறது.

ரத்தக்குழாயின் உட்படலச் செல்கள் சாதாரணமாக வழுவழுப்பாக இருந்து எதையும் ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். தூண்டப்பட்டதும் அவை ஒட்டும் மூலக்கூறுகளை வெளியே நீட்டுகின்றன. குழாயைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கின்றன. உறைவுச் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் ‘திசுக் காரணி’யைக் காட்டுகின்றன. மோனோசைட் வெள்ளையணுக்களும் அதே திசுக் காரணியை ஏந்திக்கொள்கின்றன. தட்டணுக்கள் சிறு தூண்டுதலுக்கே ஒன்றோடொன்று ஒட்டத் தயாராகின்றன. நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசுகின்றன. அந்த வலையில் தட்டணுவும், ரத்தக்கட்டியின் இழையான ஃபைப்ரினும் சிக்கிக் கட்டி வளர்கிறது. காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்கள் தூண்டப்பட்டு அழற்சியை மேலும் கூட்டுகின்றன. இன்னொரு பக்கம், உறைவை அடக்கிவைக்கும் புரதம்-சி பாதையும், கொழுப்புத் தளத்தை மூடிப் பாதுகாக்கும் அனெக்ஸின் ஏ5 என்ற புரதப் போர்வையும் குலைகின்றன. முடுக்குவது பல, தடுப்பது பலவீனம் என்ற நிலை.

அப்படியானால் தினமும் ஏன் கட்டி வரவில்லை? ஆன்டிபாடிகள் வருடக்கணக்கில் அவர் ரத்தத்தில் இருந்திருக்க வேண்டும். சோதனைச் சுண்டெலிகளுக்கு இந்த ஆன்டிபாடியைக் கொடுத்துவிட்டு ஒரு ரத்தக்குழாயைச் சற்றே நசுக்கினால், ஆன்டிபாடி இல்லாத சுண்டெலிகளைவிடப் பெரிய கட்டி உருவாகி நெடுநேரம் நிற்கிறது. ஆகவே இதை இரண்டு அடி என்று விளக்குகிறார்கள். முதல் அடி எப்போதும் தயார்நிலையில் வைக்கும் ஆன்டிபாடி. இரண்டாவது அடி தொற்று, அறுவை, பிரசவம், புகை, ஈஸ்ட்ரோஜன், நீண்ட நேரம் அசையாதிருத்தல் போன்ற ஏதோ ஒன்று. இவர் காலில் கட்டி வந்ததற்கு ஹார்மோன் மாத்திரைதான் அந்த இரண்டாவது அடி என்று நினைக்கிறேன். மூளைக்கு எது என்று எனக்குப் பிடிபடவில்லை. பலரிடம் அது பிடிபடாமலே போகிறது.

நச்சுக்கொடியில் நடப்பதை வெறும் ரத்தக்கட்டி என்று சொல்லிவிட முடியாது. நச்சுக்கொடியின் செல்கள் தம் மேற்பரப்பிலேயே இந்தப் புரதத்தை வைத்திருக்கின்றன. ஆன்டிபாடி அங்கே ஒட்டும்போது அவை கருப்பைச் சுவரில் சரியாக வேர்விடுவதில்லை, அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. 2004இல் வந்த ஒரு சுண்டெலி ஆய்வில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசி கருவைக் காத்தது காம்ப்ளிமென்ட்டை அடக்கியதால் என்று தெரிந்தது. உறைவை மட்டும் தடுத்த வேறு மருந்துகள் அங்கே காக்கவில்லை.

தட்டணு குறைவாக இருப்பதும் இந்த நோயின் பகுதிதான். 92,000 என்ற எண்ணைப் பார்த்து ‘கட்டி வராது’ என்று நிம்மதி அடையக்கூடாது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் என் தவறு. சேர்த்த இரவே லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சோதனைக்கு ரத்தம் அனுப்பினேன். கடைசி ரிவராக்சபான் மாத்திரை உள்ளே போய் ஒரு நாள்கூட முடியவில்லை. மறுநாள் ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் நோய் உறுதி என்று கோப்பில் எழுதியும்விட்டேன். ஆய்வகத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த மருந்து ரத்தத்தில் இருக்கும்போது அந்தச் சோதனை பொய்யாகவே பாசிட்டிவ் காட்டும் என்றார். எழுதியதை அடித்துவிட்டேன்.

அந்தச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் முக்கியமான ஒன்று, கண்ணாடி விரியனின் நஞ்சை மிகவும் நீர்க்கச் செய்து பிளாஸ்மாவில் சேர்ப்பது. நஞ்சு உறைவுச் சங்கிலியின் பத்தாம் காரணியை நேராகத் தூண்டும். ரிவராக்சபான் தடுப்பதும் அதே பத்தாம் காரணியைத்தான். குழப்பம் அங்கேதான் வருகிறது. எங்கள் வார்டில் வயலில் கடிபட்டு வருபவர்களின் ரத்தத்தை உறையவிடாமல் அடிக்கும் அதே பாம்பின் நஞ்சு, இங்கே நோயைக் கண்டுபிடிக்கிறது.

நான்காம் நாள் காலை வரை ஆஸ்பிரின் 150 மி.கி. மட்டும் கொடுத்து, கால்களுக்கு அழுத்தக் கருவி போட்டோம். அடைபட்ட பகுதிக்குள் ரத்தம் கசிந்துவிடுமோ என்ற பயத்தால் ஹெபாரினைத் தள்ளிவைத்தோம். அந்த மூன்று ராத்திரியும் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். நான்காம் நாள் ஸ்கேனில் கசிவு இல்லை. ரிவராக்சபான் முழுக்க வெளியேறி, ஹெபாரின் இன்னும் உள்ளே போகாத அந்த இடைவெளியில் மறுபடி ரத்தம் எடுத்தோம். கலப்புச் சோதனையில் நேரம் சரியாகவில்லை. பாஸ்போலிப்பிட்டைக் கூடுதலாகச் சேர்த்ததும் சரியானது. இந்தத் தடவை நம்பலாம். ஆன்டிபாடியை நேரடியாக அளக்கும் எலைசா முறையில் கார்டியோலிப்பின் ஆன்டிபாடி 96 அலகு. 40ஐத் தாண்டினாலே பொருட்படுத்த வேண்டும். பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடியும் மிக அதிகம். எலைசாவை ரத்தம் இளக்கும் மருந்துகள் கெடுப்பதில்லை. மூன்றும் பாசிட்டிவ். மீண்டும் கட்டி வரும் அபாயம் மிக அதிகமுள்ள வகை இது. லூபஸுக்கான மற்ற அறிகுறிகள் இல்லை. சிறுநீரில் புரதம் இல்லை. எக்கோவில் மைட்ரல் வால்வு சற்றுத் தடித்திருந்தது.

அடுத்து, எந்த மருந்து. ரிவராக்சபானின் அளவைக் கூட்டலாமா, அந்த வகையிலேயே வேறொன்றுக்கு மாறலாமா என்று இளம் மருத்துவர்கள் கேட்டார்கள். இத்தாலியில் நடந்த டிராப்ஸ் என்ற ஆய்வு இதற்கு விடை சொல்லியிருக்கிறது. மூன்றும் பாசிட்டிவாக இருந்த 120 பேரைச் சேர்த்ததும், 2018இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ரிவராக்சபான் எடுத்த 59 பேரில் 7 பேருக்குக் கட்டி. அத்தனையும் பக்கவாதமோ மாரடைப்போ. வார்ஃபரின் எடுத்த 61 பேரில் ஒருவருக்கும் இல்லை. வார்ஃபரின் 2, 7, 9, 10 ஆகிய நான்கு காரணிகளையும் குறைக்கிறது. ரிவராக்சபான் பத்தாம் காரணி ஒன்றை மட்டும் தடுக்கிறது. திசுக் காரணி கைகோத்து வேலையைத் தொடங்குவது ஏழாம் காரணியோடு. வேறுபாட்டுக்கு இது ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே வார்ஃபரின். அது முதல் சில நாளில் காக்கும் புரதம்-சியையும் சேர்த்துக் குறைத்துவிடும் என்பதால், ஹெபாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸபாரின் ஊசியோடு சேர்த்தே ஆரம்பித்தோம்; ஐஎன்ஆர் தொடர்ந்து 2ஐத் தாண்டியபின் ஊசியை நிறுத்தினோம். இலக்கு 2 முதல் 3. அதற்கு மேலே வைத்தால் இன்னும் நல்லதா என்று இரண்டு ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. கூடுதல் பலன் தெரியவில்லை. தமனியில் கட்டி வந்தவர் என்பதால் ஆஸ்பிரின் 75 மி.கி. தொடர்ந்தது. ஆன்டிபாடி சிலரிடம் ஐஎன்ஆரையே பொய்யாக உயர்த்திக் காட்டும். ரிவராக்சபான் ஆரம்பிக்கும் முன் எடுத்த, ஐஎன்ஆருக்கு அடிப்படையான புரோத்ராம்பின் நேரம் பழைய கோப்பில் இருந்தது, அது சரியான அளவில் இருந்தது. அதனால் இவருடைய ஐஎன்ஆரை நம்பலாம் என்று துணிந்தோம்.

இன்னொரு முடிவு மருந்து சம்பந்தப்பட்டதல்ல. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்து, விடிஆர்எல் ஏன் அப்படி வந்தது என்று அரை மணி நேரம் விளக்கினேன். பால்வினை நோய் இவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்று லெட்டர்பேடில் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கி மடித்து மருமகளின் தலையணைக்குக் கீழே வைத்தார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். சொன்னால் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. ஆனால் அன்றே யாராவது டாக்டர் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள்.

## அதன்பின் நடந்தவை

நோயை உறுதிசெய்ய ஆன்டிபாடி குறைந்தது 12 வார இடைவெளியில் மறுபடியும் இருக்க வேண்டும். தொற்றுகளின்போது தற்காலிகமாக வந்து போகும் ஆன்டிபாடிகளும் உண்டு. 13ஆம் வாரத்தில் எலைசா இரண்டும் மீண்டும் அதே உயரத்தில் வந்தன. வார்ஃபரினை நிறுத்தி லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டை மறுபடி பார்க்க எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இல்லை.

பேச்சு இரண்டு மாதத்தில் திரும்பியது. கை மெதுவாகத்தான் வந்தது. பெடல் மிதிப்பதும் துணியை நகர்த்துவதும் முடிந்தது, ஊசியில் நூல் கோப்பது முடியவில்லை.

ஐஎன்ஆர் ஆறு மாதம் எங்களைப் படுத்தியது. கீரையே சாப்பிடக்கூடாது என்று யாரோ சொல்ல, ஒரு மாதம் முழுக்க நிறுத்திவிட்டார். அளவு மேலே ஏறியது. அப்புறம் ஆசைக்கு முருங்கைக்கீரையைத் தொடர்ந்து மூன்று நாள் சாப்பிட, 1.6க்கு இறங்கியது. வாரம் இரண்டு நாள், ஒரே அளவு கீரை என்று பேசி முடித்தோம். ஒருமுறை பல்வலிக்கு மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிட்டு, ஈறில் ரத்தம் கசிந்து வந்தார். ஐஎன்ஆர் 5.6. அந்த மாத்திரை வார்ஃபரினை உடம்பு கழிப்பதைத் தடுக்கும். இரண்டு நாள் வார்ஃபரினை நிறுத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்துக் கீழே கொண்டுவந்தோம்.

ஒன்றரை வருடம் புதிதாக எதுவும் வரவில்லை. அப்போது இருவரும் வந்து குழந்தை வேண்டும் என்றார்கள். தடுக்க நினைக்கவில்லை, ஆனால் அபாயத்தை ஒளிக்கவும் இல்லை. வார்ஃபரின் ஆறாவது வாரம் முதல் சிசுவின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கும். எனவே நாள் தள்ளிப்போன ஒரு வாரத்துக்குள் சோதித்துச் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். ஐந்தாம் நாளே தொலைபேசி வந்தது. அன்றே வார்ஃபரினை நிறுத்தி எனாக்ஸபாரின் 60 மி.கி. காலையும் இரவும், கூடவே ஆஸ்பிரின், கால்சியம். ஊசி போடக் கற்றுக்கொண்டவர் கணவர். அறுவடைக் காலத்தில் வயலில் நடு இரவு வரை நின்றாலும், எட்டு மணி ஊசிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

34ஆம் வாரத்தில் சிசுவின் வளர்ச்சி மந்தமானது, பனிக்குட நீரும் குறைந்தது. 35 வாரம் நான்கு நாளில், கடைசி ஊசியிலிருந்து 24 மணி நேரம் இடைவெளி விட்டு, சிசேரியன். பெண் குழந்தை, 1.9 கிலோ. ஒன்பது நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தது. தாய்க்கு 12 மணி நேரத்தில் ஹெபாரின் மறுபடி தொடங்கி, பிறகு வார்ஃபரினுக்கு மாற்றினோம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே வார்ஃபரின் எடுக்கலாம்.

## இனி மாற்ற வேண்டியவை

அறுவைக்கு முன் ஏபிடிடி நீண்டிருந்தால் பிளாஸ்மா ஏற்றுவதற்குமுன் கலப்புச் சோதனை கேட்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு பை பிளாஸ்மாவின் செலவைவிடக் குறைவு. எங்கள் ஆய்வகத்தில் இப்போது கலந்தும் சரியாகாத ஏபிடிடி வந்தால் டெக்னீஷியனே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். ரத்தப்போக்கே இல்லாத ஒருவருக்கு ‘ரத்தம் உறையாது’ என்று எழுதிக்கொடுப்பது எத்தனை பெரிய தீங்கு என்பதை இந்த அட்டை எனக்குக் காட்டியது. அடுத்த கர்ப்பத்தில் ஹெபாரினோடு அவருக்குத் தேவைப்பட்டது ஆஸ்பிரின். அதையே அந்த அட்டை தடைசெய்திருந்தது.

விடிஆர்எல் ரியாக்டிவ், டிபிஹெச்ஏ இல்லை என்று வரும் கர்ப்பிணியின் வழக்கை அத்தோடு மூடிவிடக்கூடாது. அவரிடம் முன்பு கரு கலைந்ததா, கால் வீங்கியதா என்று கேட்க வேண்டும். பத்து வாரம் தாண்டி, அமைப்பில் குறையில்லாத சிசு இறந்திருந்தால் ஆன்டிபாடி பார்க்க வேண்டும். அவ்வளவும் இவரிடம் 24ஆம் வாரத்திலேயே இருந்தது. அன்று பார்த்திருந்தால் அந்த ஹார்மோன் மாத்திரை அவர் கைக்கு வந்திருக்காது.

இளவயதில் வரும் ரத்தக்கட்டிக்கு மாத்திரை தொடங்கும்முன் ஒரு குழாய் ரத்தம் எடுத்துவைக்கச் சொல்கிறேன். அது முடியாமல் போனால் எலைசா இரண்டையாவது அனுப்பலாம். மருந்து தொடங்கியபின் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் அனுப்பிவிட்டு அதை நம்பும் தவறை நான் செய்தேன். இப்போது சோதனைப் படிவத்தில் ‘ரத்தம் இளக்கும் மருந்து எடுக்கிறாரா, கடைசியாக எப்போது’ என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். அதை நிரப்பாமல் வரும் குழாயை ஆய்வகம் திருப்பி அனுப்பிவிடும்.

ஐஎன்ஆர் பார்க்க வசதி இல்லை என்பதற்காக மூன்றும் பாசிட்டிவான ஒருவருக்கு ரிவராக்சபான் கொடுக்கக்கூடாது. வசதியைத்தான் ஏற்படுத்த வேண்டும். இவருக்கு, ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மருந்தளவை நான் பதிலில் சொல்வது என்று ஏற்பாடு. மூன்று வருடமாக அது நடக்கிறது.

பழைய அட்டையில் சிவப்பு மை வரியைக் கோடிட்டு அடித்து, அதன் கீழே நோயின் பெயரையும், ‘ஈஸ்ட்ரோஜன் கூடாது, வார்ஃபரினைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது’ என்பதையும் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் வந்த ஐஎன்ஆர் 2.6. நூல் கோப்பது இன்னும் முடியவில்லை. கணவர் காலையில் வேலைக்குப் போகுமுன் பத்து ஊசியில் நூல் கோத்துப் பஞ்சுத் தலையணையில் குத்திவைத்துவிட்டுப் போகிறார்.